வாங்காத மனுவை யார் நிராகரிப்பது?

கலசப்பாக்கத்தை அடுத்த ஒரு காலனியில் நமக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர் இருக்கிறார். அவரும் கணவரும் பதினான்கு ஆண்டுகளாகப் பட்டுத்தறியில் கூலிக்கு நெய்கிறவர்கள். போளூர், களம்பூர் வழியே பேருந்து பிடித்து ஆரணிப் பக்கம் போய் நெய்துவிட்டு வருவார்கள். பாவு, ஊடை, ஜரிகை எல்லாம் முதலாளி கொடுப்பது. தறியும் அவருடையது, தறி நிற்கிற கூரையும் அவருடையது. மகளின் பிரசவத்துக்கு வாங்கிய முன்பணம் இன்னும் தீரவில்லை. அது தீராதவரை வேறு தறிக்கு மாற முடியாது.

வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை இறக்கி, சொந்தமாக இரண்டு தறி போட வேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். மூலப்பொருளுக்கும் சேர்த்து 3 லட்சம் ரூபாய் தேவை. பட்டியல் சாதியினருக்குத் தாட்கோ மூலம் 35 சதவீத மானியத்துடன் தொழில் கடன் உண்டு. அதாவது 3 லட்சத்தில் 1 லட்சத்து 5 ஆயிரம் அரசு கொடுக்கும், மீதிதான் கடன். "முதல்ல பேங்க்ல கேட்டுக்கிட்டு வாங்க, அவங்க ஒத்துக்கிட்டாதான் மனு போட்டுப் பிரயோஜனம்" என்று விவரம் தெரிந்த ஒருவர் சொல்ல, அந்த அம்மா வங்கிக் கிளை ஒன்றுக்குப் போனார்.

முதல் முறை மேலாளர் விடுப்பு. இரண்டாம் முறை, தறிக்குக் கொட்டேஷன் வாங்கி வரச் சொன்னார்கள். மூன்றாம் முறை, "ஜாமீன் போட கவர்மென்ட் வேலையில இருக்கிறவங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார்கள். நான்காம் முறை வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த இலவச மனைப்பட்டா. "இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்தாம் முறை, "இந்த வருஷ டார்கெட் முடிஞ்சிடுச்சு, ஏப்ரலுக்கு மேல வாங்க" என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போனது. யாரும் அவரைத் திட்டவில்லை, சாதி பெயர் சொல்லவில்லை, மனுவை வாங்கவும் இல்லை.

நம் பேச்சு இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றித்தான்.

விதி இருக்கிறது, பதிவு இல்லை

பட்டியல் சாதி, பழங்குடியினருக்குக் கடன் வழங்குவது பற்றி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் தனியாகவே ஒரு தொகுப்புச் சுற்றறிக்கை வைத்திருக்கிறது. அதில் உள்ளதைச் சுருக்கமாகச் சொன்னால்: பட்டியல் சாதியினரின் கடன் மனுவைக் கிளை அளவிலேயே நிராகரிக்கக் கூடாது. நிராகரிப்பதானால் அடுத்த மேல்நிலை அதிகாரிதான் செய்ய வேண்டும். காரணத்தைத் தெளிவாக எழுத வேண்டும். அரசுத் திட்டங்களில் கடன் கேட்டு வருபவரிடம், வைப்புத்தொகை போட்டால்தான் கடன் என்று வற்புறுத்தக் கூடாது. கடன் முழுவதும் கட்டி முடிக்கும்வரை மானியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, குறைந்த தொகையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது.

இதோடு இன்னொரு விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று 2010-லேயே வங்கிகளுக்குச் சொல்லியாகிவிட்டது. அப்படிக் கொடுக்கும் கடன் வராமல் போனால் ஈடுகட்ட உத்தரவாத நிதியமும் இருக்கிறது. முதல்முறை கடன் கேட்பவருக்கு சிபில் மதிப்பெண் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்பதையும் 2025-இல் மத்திய நிதித்துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

ஆக, அந்த அம்மாவிடம் அரசு ஊழியர் ஜாமீனும் வீட்டுப் பத்திரமும் கேட்டதற்கு விதியில் இடமில்லை. ஆனால் இதை யாரிடம் போய் நிரூபிப்பது? மனு பதிவானால்தானே நிராகரிப்பு பதிவாகும்? நிராகரிப்பு பதிவானால்தானே மேலதிகாரி காரணம் எழுத வேண்டும்? கவுன்ட்டரில் வாய்மொழியாகத் திருப்பி அனுப்பிவிட்டால் மேற்சொன்ன ஒரு விதிகூட மீறப்பட்டதாகக் கணக்கில் வராது. ஆண்டு முடிவில், "எங்கள் கிளையில் பட்டியல் சாதியினர் மனு எதுவும் நிராகரிக்கப்படவில்லை" என்று அறிக்கை போகும். அது பொய்யும் இல்லை. வாங்காத மனுவை யார் நிராகரிக்க முடியும்?

கடன் என்பது பணம் மட்டுமல்ல

வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் என்ன, வேறு இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வேறு இடங்கள் எவை என்று பார்ப்போம்.

நெசவாளிக்கு முதலாளியின் முன்பணம். விவசாயக் கூலிக்கு நிலக்காரர் வீட்டுக் கைமாற்று. செங்கல் சூளைக்குப் போகிற குடும்பத்துக்கு மேஸ்திரி கொடுக்கும் அட்வான்ஸ். பெண்களுக்கு வாரந்தோறும் தெருமுனையில் வந்து உட்காரும் நுண்கடன் நிறுவனம். வட்டி ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல். வசூலில் நடந்த அத்துமீறல்கள் பொறுக்க முடியாமல் போய், 2025-இல் தமிழக சட்டமன்றம் கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. வங்கி மறுத்த இடத்தில்தான் இவை எல்லாம் முளைக்கின்றன. நுண்கடன் நிறுவனங்கள் பலவும் வங்கியில் கடன் வாங்கித்தான் நம் தெருவில் கொடுக்கின்றன. நேராக நமக்கு வராத அதே பணம், சுற்றி வரும்போது இரண்டு மடங்கு வட்டியோடு வருகிறது.

வட்டியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நம் கலசப்பாக்கம் வட்டத்தில் உள்ள வீரளூரை மறந்திருக்க மாட்டோம். 2022 ஜனவரியில், இறந்தவர் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துச் செல்ல அருந்ததியர் மக்கள் உரிமை கேட்டதற்காக அவர்கள் குடியிருப்பு தாக்கப்பட்டது. மறு ஆண்டே, 2023 ஜனவரி 30 அன்று, இதே மாவட்டத்தின் தென்முடியனூரில் காவல்துறைப் பாதுகாப்போடுதான் நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதல்முறையாகப் போக முடிந்தது. இப்படி உரிமை கேட்கும் ஊர்களில் கல்லும் கம்பும் மட்டுமா ஆயுதம்? நாளை முதல் களத்துக்கு வராதே என்பதும், வாங்கின பணத்தை இன்றே வை என்பதும் ஆயுதம்தான். இந்த இரண்டாவது ஆயுதத்துக்கு எஃப்ஐஆர் கிடையாது.

பம்பாய் மாகாண அரசு 1928-இல் அமைத்த ஸ்டார்ட் குழுவில் டாக்டர் அம்பேத்கரும் உறுப்பினர். 1930-இல் வந்த அதன் அறிக்கை, ஒடுக்கப்பட்ட மக்கள் பிழைப்புக்காக ஊராரைச் சார்ந்திருப்பதையும், உரிமை கேட்டவுடன் சமூகப் புறக்கணிப்பு அவர்கள்மீது ஏவப்படுவதையும் விரிவாகப் பதிவு செய்தது. ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923-இல் நூல் எழுதியவர், நாணய முறை பற்றிய அரச ஆணையத்தின் முன் சாட்சியம் சொன்னவர், பணம் யார் கையில் இருக்கிறது என்பதற்கும் யார் வாய் திறக்க முடிகிறது என்பதற்கும் உள்ள தொடர்பை அறிந்திருந்ததில் வியப்பில்லை.

வங்கிக் கடனுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கடன்காரர் கோயிலுக்குள் நுழைந்தார் என்பதற்காக வங்கி தவணையை முன்கூட்டிக் கேட்காது. பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார் என்பதற்காக நகையை ஏலம் விடாது. நம் பொருளாதாரத்தை ஊரார் தயவிலிருந்து விடுவிக்கக்கூடிய கருவிகளில் அது ஒன்று. அதனால்தான் வங்கி வாசலும் நமக்கு வீரளூர்ப் பாதையைப் போல ஒரு பொதுப்பாதை என்கிறோம்.

பிணை இல்லாதது யார் குற்றம்?

"உங்களிடம் பிணை வைக்கச் சொத்து இல்லையே" என்பது வங்கி சொல்லும் முதல் காரணம். ஏன் இல்லை?

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் சென்னை மாகாண அரசு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதுதான். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பிறர் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக விற்பதற்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். நல்ல எண்ணம்தான். நடந்தது என்ன? நிலத்தின் பெரும்பகுதி விதியை மீறிப் பிறர் கைக்குப் போனது. மிச்சமிருக்கும் கொஞ்சத்தை வங்கியில் காட்டினால், "கண்டிஷன் பட்டா, அடமானம் ஆகாது" என்கிறார்கள். அபகரித்தவனைத் தடுக்காத கட்டுப்பாடு, பயிர் வைக்கக் கடன் கேட்கிறவரை மட்டும் தடுக்கிறது.

இதற்குத் தீர்வு அந்தக் கட்டுப்பாட்டை நீக்குவதல்ல. நீக்கினால் எஞ்சியதும் பத்தே ஆண்டில் போய்விடும். பிணையைப் பார்க்காமல் வரவைப் பார்த்துக் கடன் கொடுப்பதே தீர்வு. பால் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் தவறாமல் பால் ஊற்றும் பெண்ணுக்குச் சங்கத்தின் புத்தகமே சாட்சி. நெசவாளிக்குக் கைத்தறி நெசவாளர் அடையாள அட்டையும் கூலிக் கணக்கும் சாட்சி. மகளிர் குழுவில் பத்தாண்டு தவணை தவறாமல் கட்டியவருக்கு அந்தக் குழுவின் பேரேடே சாட்சி. இந்தச் சாட்சிகளை ஏற்றுக்கொள்ளப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. நெசவாளர் முத்ரா திட்டத்தில் 6 சதவீத வட்டிக்குக் கடன் தர ஏற்கெனவே வழி இருக்கிறது. பயிர்க்கடனில் 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்க வேண்டியதில்லை.

பிணை இல்லாமல் நம் மக்களுக்குக் கடன் கொடுப்பது புதுமையும் அல்ல. 1920-களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை நம் மக்களுக்கென்று கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்தது. அந்தச் சங்கங்கள் மூலம் கடன் வாங்கி வீட்டுமனை வாங்கினார்கள், தவணை முறையில் கட்டினார்கள். நிலக்காரர் மனையில் குடிசை போட்டு, எந்நேரமும் வெளியேற்றப்படலாம் என்று பயந்து கிடந்தவர்கள் சொந்த மனைக்கு வந்தது அப்படித்தான். நூறு ஆண்டுக்கு முன்பு முடிந்தது, கணினி வைத்திருக்கும் வங்கிக்கு முடியாதா?

அறிவிப்பும் ஐந்தொகையும்

1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. ஏழைக்கும் வங்கி என்று சொல்லித்தான் ஆயின. மாவட்டந்தோறும் ஒரு முன்னோடி வங்கி என்ற ஏற்பாடும் அப்போதுதான் வந்தது. திருவண்ணாமலைக்கு அது இந்தியன் வங்கி. கிராமங்களுக்குக் கிளைகள் வந்தன. அதை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

1972-இல் மிக ஏழைகளுக்கு 4 சதவீத வட்டிக்கு ஒரு கடன் திட்டம் வந்தது. வேறுபட்ட வட்டித் திட்டம் என்று பெயர். வங்கிகள் தம் மொத்தக் கடனில் 1 சதவீதத்தை இதற்கு ஒதுக்க வேண்டும், அதில் 40 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு. திட்டம் இன்றும் சுற்றறிக்கையில் உயிரோடு இருக்கிறது. ஆனால் கிராமத்தில் இதைப் பெறுவதற்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 18,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2025-26-இல் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அதில் 54 நாள் மண் வெட்டினாலே அந்த வரம்பைத் தாண்டிவிடுவோம். அரசு தரும் வேலையை முழுதாகச் செய்தவர், அரசு வகுத்த கடனுக்குத் தகுதி இழக்கிறார்.

2016 ஏப்ரல் 5 அன்று 'ஸ்டாண்ட் அப் இந்தியா' வந்தது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடித் தொழில்முனைவோருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் தர வேண்டும். நாட்டில் 1.25 லட்சம் கிளைகள் என்று கணக்கிட்டார்கள். ஒரு கிளைக்கு ஒருவர் என்றால்கூட நம் பங்கு 1.25 லட்சம் பேர். 2024 மார்ச் வரை, எட்டு ஆண்டில், பட்டியல் சாதியினர் 46 ஆயிரத்துச் சொச்சம், பழங்குடியினர் 15 ஆயிரத்துச் சொச்சம். இரண்டையும் கூட்டினாலும் பாதியைத் தொடவில்லை. ஆண்டுக்கு ஒருவர் என்றுகூடக் கேட்கவில்லை. எட்டு ஆண்டில் ஒரே ஒருவர். இதே திட்டத்தில் பெண்களுக்கு 1.9 லட்சம் கடன்கள் போயிருக்கின்றன. எனவே வங்கிகளால் முடியாது என்பதல்ல. 2025 மார்ச்சுடன் அந்தத் திட்டம் முடிந்தது. அதன் பிறகு, முதல்முறை தொழில் தொடங்கும் 5 லட்சம் பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 2 கோடி ரூபாய் வரை கடன் என்று 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்தது. பெண்களையும் நம்மையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்தால், பழைய கணக்குப்படி நம் பங்கு எங்கே போய் நிற்கும் என்பதை யோசிக்க வேண்டும்.

மாநில அரசு 2023-இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டம் இதைவிடப் பரவாயில்லை. 35 சதவீத மூலதன மானியம், உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய், மேலும் 6 சதவீத வட்டி மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் மானியத்தை அரசு கொடுத்தாலும் கடனை வங்கிதான் கொடுக்க வேண்டும். கதவுச் சாவி அங்கேதான் இருக்கிறது.

வங்கியின் பக்கமும் உண்டு

மேலாளர்கள் எல்லாரும் நமக்கு எதிரிகள் என்று நாம் சொல்லவில்லை. மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்கிற கிளைகள் உண்டு. கடன் வராக்கடன் ஆனால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அந்த மேலாளர்தான். கொடுக்காமல் இருந்ததற்கு யாரும் அவரைக் கேள்வி கேட்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டில் மாறுதலாகிப் போகிறவர், பயமில்லாத பக்கம் சாய்வது இயல்புதான்.

நம் பக்கம் உள்ளதையும் மறைக்க வேண்டாம். மானியக் கடன் என்றாலே திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். மாடு வாங்காமலே மாட்டுக் கடன் வாங்கியதும் நடந்திருக்கிறது. மானியத்தில் பங்கு கேட்கும் புரோக்கர்கள் நம் தெருக்காரர்களாகவும் இருக்கிறார்கள். வேறு சாதிக்காரர் தொழிலுக்கு நம் பெயரில் கடன் எடுக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, கடைசியில் நோட்டீஸ் மட்டும் நம் வீட்டுக்கு வந்த கதைகளும் தெரியும். ஒருவர் கட்டாத தவணை, அடுத்து வரும் பத்துப் பேரின் மனுவைக் கவுன்ட்டரிலேயே நிறுத்தும் சாக்காகிறது. பெருநிறுவனம் ஒன்று கோடிகளைக் கட்டாவிட்டால் அந்தக் கோடீஸ்வரரின் சாதிக்காரர் எல்லாருக்கும் கடன் நிற்பதில்லை. அந்த அநியாயம் உண்மை. ஆனாலும் நம் தவணையை நாம் கட்டுவதுதான் நம் பிள்ளைகளுக்கான முதல் பிணை.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, மாவட்ட ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் வங்கியாளர் ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கடன் கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும், மனு தகுதியானதோ இல்லையோ, தேதியும் எண்ணும் போட்ட ஒப்புகைச் சீட்டு கொடுக்கப்பட வேண்டும். இதற்கு ஒரு பேரேடும் ஒரு முத்திரையும் போதும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு கிளையும் எத்தனை பட்டியல் சாதி மனு வாங்கியது, எத்தனைக்குக் கடன் கொடுத்தது, மொத்தக் கடனில் அது எவ்வளவு என்பதைக் கிளைவாரியாக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 23 சதவீதம். கிளையின் கடனில் நம் பங்கு எவ்வளவு என்று ஊர் பார்க்கட்டும். வங்கிகள் தம் கடனில் 12 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டும் என்ற விதி போதும் என்பார்கள். அந்தப் பன்னிரண்டுக்குள் சிறு, குறு விவசாயிகள், கைவினைஞர்கள், சுயஉதவிக் குழுக்கள், சிறுபான்மையினர் எல்லாரும் அடக்கம். நமக்கென்று தனி அளவு இல்லை. நம்மில் ஒருவருக்குக்கூடக் கொடுக்காமல் அதை நிறைவு செய்துவிட முடியும்.

கணக்கை வெளியிடுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால், அமெரிக்காவைப் பார்க்கலாம். 1930-களில் அங்கே கறுப்பின மக்கள் வாழும் தெருக்களை வரைபடத்தில் சிவப்பால் குறித்து, வீட்டுக் கடனுக்கு ஆபத்தான பகுதி என்று ஒதுக்கினார்கள். 1975-இல், எந்தப் பகுதிக்கு எவ்வளவு வீட்டுக் கடன் கொடுத்தோம் என்பதை வங்கிகள் வெளியிட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1977-இல், வைப்பு வாங்கும் வட்டாரத்தின் ஏழைகளுக்குக் கடன் தரும் கடமை வங்கிக்கு உண்டு என்று இன்னொரு சட்டம் வந்தது. அதில் வங்கிக்குத் தரப்படும் மதிப்பீடு இன்று எல்லாருக்கும் தெரியும்படி வெளியாகிறது. அதனால் அங்கே இனப் பாகுபாடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் பேச்சு வெறும் குற்றச்சாட்டாக இல்லாமல் எண்களோடு நடக்கிறது. நமக்கு அந்த எண்கள்கூட இல்லை.

மூன்றாவதாக, அந்த 18,000 ரூபாய் வரம்பை மத்திய அரசு திருத்த வேண்டும். நான்காவதாக, ஆண்டுக்கு இரண்டு முறையாவது தாட்கோவும் தொழில் மையமும் வங்கிகளும் காலனிக்கே வந்து மனு வாங்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024-இல் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. அதைக் கொண்டு இதைக் கேட்கலாம்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வங்கிக்குத் தனியாகப் போக வேண்டாம். படித்த பிள்ளை ஒருவரைக் கூட்டிப் போவோம். மனுவை இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் கையெழுத்து கேட்போம். மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்துவோம். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். உதவி எண் 14448. பொதுத்துறை வங்கிகளுக்குத் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும். பத்து ரூபாய்க் கட்டணத்தில், நம் கிளையில் பட்டியல் சாதியினருக்குக் கொடுத்த கடன் எத்தனை என்று கேட்கலாம். பலகையில் அவர்கள் ஒட்டும்வரை நாம் கேட்டு வாங்கித் தெருவில் ஒட்டுவோம்.

அந்த அம்மா ஆறாம் முறை போக இருக்கிறார். ஏப்ரலுக்கு மேல் வரச் சொன்னார்கள் அல்லவா? இந்த முறை நம்மில் இரண்டு பேர் கூடப் போகிறோம். மனுவில் தேதி போட்டு முத்திரை வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகர்வதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். கடன் கொடுப்பதும் மறுப்பதும் பிறகு நடக்கட்டும். மறுப்பதானால், யார் மறுத்தார், ஏன் மறுத்தார் என்று தாளில் எழுதித் தரட்டும்.